வாளும் மந்திரமும்: இந்த வகைப் படத்தை முதல் தடவை பார்ப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரை என்று ராமநாதபுரம் கடலோரம் நெடுக இந்தப் படங்களைப் பற்றி ஒரே சந்தேகங்கள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதற்குப் பதிலாக இங்கே சேர்த்து வைத்திருக்கிறோம். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகள் இருக்கின்றன.

வாளு, மந்திரம்னா நம்ம பழைய மாயாஜாலப் படம் மாதிரிதானே? இதுல புதுசா என்ன இருக்கு?

பாதி அதேதான். அரசகுமாரி, மந்திரவாதி, குகை, பூதம், மாயப் பொருள் எல்லாம் இரண்டிலும் உண்டு. ஆள்தான் வேறு. நம் மாயாஜாலப் படத்து நாயகன் பெரும்பாலும் அரச வாரிசு, அல்லது தெய்வத்தின் அருள் பெற்றவன். கஷ்டம் வந்தால் அம்மன் வருவாள், முனிவர் வரம் கொடுப்பார். இந்த வகைப் படத்தின் நாயகனுக்கு மேலிருந்து யாரும் கை கொடுக்க மாட்டார்கள். அவன் கூலிப்படை வீரனாகவோ திருடனாகவோ தப்பி வந்த அடிமையாகவோ இருப்பான். கையில் வாள் இருக்கும். மந்திரம் அநேகமாக எதிரியிடம்தான் இருக்கும்.

இந்த வகை அமெரிக்காவில் மலிவுவிலைக் கதைப் பத்திரிகைகளில் பிறந்தது. ராபர்ட் இ. ஹோவர்ட் எழுதிய கோனன் என்ற காட்டுவீரனின் முதல் கதை 1932 டிசம்பரில் அச்சானது. 1961-இல் ஃபிரிட்ஸ் லைபர் என்ற எழுத்தாளர் இதற்கு ‘வாளும் மந்திரமும்’ என்ற பெயரைக் கொடுத்தார். திரையில் இது பெரிய அலையாக எழுந்தது 1980-களின் தொடக்கத்தில்.

மோதிரத்தை எரிமலையில போடப் போற படமும் இந்த வகைதானா?

‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ படத்தைக் கேட்கிறீர்கள். அது பக்கத்து வீடு. அங்கே உலகம் முழுவதும் ஆபத்தில் இருக்கும், பெரும் படைகள் மோதும், மூன்று பாகம் ஓடும். இங்கே ஆபத்து பெரும்பாலும் ஒரு ஆளுக்கு, ஒரு ஊருக்கு, ஒரு கடனுக்கு. அப்பனைக் கொன்றவனைத் தேடிப் போவான், அல்லது ஒரு ரத்தினத்தைத் திருடப் போவான். அந்தச் சின்ன அளவை மனதில் வைத்துப் பாருங்கள். ‘இவ்வளவுதானா கதை’ என்ற ஏமாற்றம் வராது.

எந்தப் படத்துல ஆரம்பிக்கிறது? ஒண்ணு மட்டும் சொல்லுங்க.

பெரியவர்கள் மட்டும் பார்ப்பதென்றால் ஜான் மிலியஸ் இயக்கிய ‘கோனன் த பார்பேரியன்’ (1982). அர்னால்ட் நடித்தது, இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும். முதல் இருபது நிமிடத்தில் வசனம் மிகக் குறைவு. பாசில் பொலிடூரிஸின் இசைதான் கதையை நகர்த்தும். அதனால் ஆங்கிலம் தெரியாதவருக்கும் தொடக்கம் நன்றாகவே புரியும். வெட்டுக்குத்தும் நிர்வாணமும் உண்டு. பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போடாதீர்கள்.

வீட்டோடு பார்க்க ‘வில்லோ’ (1988). ஒரு குட்டையான விவசாயி, மந்திரம் கற்க ஆசைப்பட்டவன், ஆற்றில் மிதந்து வந்த குழந்தையைக் காப்பாற்றப் புறப்படுகிறான். கூட வருபவன் வாய்ச்சவடால் அடிக்கும் வாள்வீரன். வகை இலக்கணம் எல்லாம் இதிலேயே இருக்கிறது, ரத்தம் குறைவு. எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை உட்கார வைக்கலாம் என்பது எங்கள் கணிப்பு. நாய் போன்ற மிருகங்கள் துரத்தும் காட்சியில் மட்டும் பக்கத்தில் இருங்கள்.

பேரு ஒண்ணும் வாயில நுழைய மாட்டேங்குது. அந்த நாடு, இந்த சாமி, அந்த வம்சம்... எப்படி ஞாபகம் வைக்கிறது?

வைக்க வேண்டாம். புதிதாகப் பார்ப்பவர்கள் பாதியில் எழுந்து போவதற்கு முக்கியமான காரணமே இதுதான். பள்ளிக்கூடப் பாடம் மாதிரி எல்லாவற்றையும் பிடிக்கப் பார்த்து, பத்தாவது நிமிடத்தில் களைத்துவிடுகிறார்கள். தொடக்கத்தில் ஒரு கிழவரின் குரல் ‘கடல் நாடுகளை விழுங்கிய காலத்துக்குப் பிறகு’ என்று ஏதாவது சொல்லும். அது சூழலுக்கான சத்தம். தேர்வு வைக்க மாட்டார்கள்.

ஐந்து விஷயம் போதும்: நாயகன் யார், அவனுக்கு யார் மேல் கோபம், கூட வருபவர் யார், தேடும் பொருள் என்ன, எங்கே போக வேண்டும். நாயகனையும் எதிரியையும் தவிர மற்றவர்களுக்கு நீங்களே பெயர் வைத்துக்கொள்ளலாம். ‘வில்லுக்காரன்’, ‘மொட்டைச் சாமியார்’, ‘பாம்புக்கொடி கோஷ்டி’. கொடியிலும் கேடயத்திலும் இருக்கும் சின்னத்தைக் கவனியுங்கள். நல்ல இயக்குநர்கள் பெயரை நம்புவதில்லை, சின்னத்தைத்தான் நம்புவார்கள்.

மந்திரவாதிதான் எல்லாம் செய்வானே, ஹீரோவை ஒரே நொடியில சாம்பலாக்க வேண்டியதுதானே?

எல்லோரும் கேட்கும் கேள்வி, சரியான கேள்வி. இந்த வகையில் மந்திரம் சும்மா கிடைப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை, ஒரு எல்லை, ஒரு நேரம் உண்டு. ரத்தம் வேண்டும், கிரகணம் வேண்டும், ஒரு பொருள் கையில் இருக்க வேண்டும், அல்லது செய்பவனின் ஆயுசு குறையும். அந்த விதியைப் படம் பெரும்பாலும் முதல் பாதியிலேயே ஏதோ ஒரு சின்னக் காட்சியில் காட்டிவிடும். அதைப் பிடித்துக்கொண்டால் கடைசிச் சண்டை எங்கே திரும்பும் என்று முன்கூட்டியே தெரியும்.

1982 கோனன் படத்தில் ஒரு காட்சி. சாகக் கிடப்பவனின் உடம்பு முழுக்க எழுத்து வரைந்து, ஆவிகள் அவனை இழுத்துப் போகாமல் இரவு முழுக்கக் காவல் இருப்பார்கள். ‘இதற்கு ஆவிகள் பெரிய விலை கேட்கும்’ என்று மந்திரக்காரர் முதலிலேயே எச்சரிப்பார். ஒருவர் ‘நான் கொடுக்கிறேன்’ என்பார். அந்த ஒரு வரியை மறக்காதீர்கள், பின்னால் வசூலிக்கப்படும். எந்த விலையும் இல்லாமல் மந்திரம் எல்லாவற்றையும் தீர்த்து வைத்தால் அது சோம்பேறித் திரைக்கதை.

வில்லன் செத்த உடனே கோட்டை ஏன் தானா இடியுது?

முந்தைய பதிலின் தொடர்ச்சிதான். கோட்டையைத் தாங்கி நிற்பது கல்லும் சுண்ணாம்பும் இல்லை, அவனுடைய மந்திரம். அவன் போனால் அதுவும் போக வேண்டும். ஏழு கடல் ஏழு மலை தாண்டி, ஒரு கிளிக்குள் அரக்கனின் உயிர் இருக்கும் என்று நம் வீட்டுக் கிழவிகள் சொல்வதும் இதே விதிதான். கிளியின் கழுத்தைத் திருகினால் அங்கே அரக்கன் சாய்வான்.

அதனால் இந்தப் படங்களில் ஒரு மாலை, ஒரு கண்ணாடி, ஒரு கல் என்று எதையாவது கேமரா தேவைக்கு அதிகமாக நெருங்கிக் காட்டினால் ‘கிளி இதுதான்’ என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அவ்வளவு பெரிய வாளை ஒத்தைக் கையில தூக்க முடியுமா? சண்டையெல்லாம் நெசமா?

உண்மையான ஒரு கை வாள் பெரும்பாலும் 1 முதல் 1.3 கிலோ. இரண்டு கைகளால் பிடிக்கும் பெரிய வாள் 2 முதல் 3 கிலோ. படத்தில் தெரியும் அகலமான வாள்கள் இதைவிடக் கனமாக இருக்கும். அதனால் நெருக்கக் காட்சிக்கு ஒரு இரும்பு வாளும், சண்டைக்கு எடை குறைந்த அலுமினியம் அல்லது ஃபைபர் வாளும் என இரண்டு மூன்று செய்து வைத்துக்கொள்வார்கள். வாள் மோதும்போது நெருப்புப் பொறி பறந்தால் அது பெரும்பாலும் விளைவுக்காகச் சேர்த்தது.

பொய் அதிகம் இருக்கும் இடங்கள் மூன்று. முதலாவது, முதுகில் உறை கட்டி வாளை உருவுவது. கை நீளத்தைவிட வாள் நீளமாக இருந்தால் முனை உறையை விட்டு வெளியே வராது. நீங்கள் பார்ப்பது பாதி திறந்த உறை, அல்லது வெட்டி ஒட்டிய காட்சி. இரண்டாவது, உருக்கிய இரும்பை அச்சில் ஊற்றி வாள் வார்ப்பது. பார்க்க அழகு, ஆனால் அப்படி வார்த்த வாள் முதல் அடியில் உடையும். நல்ல வாள் காய்ச்சி அடித்தே உருவாகும். பிறகு சுமார் 800 டிகிரியில் பழுக்கக் காய்ச்சி எண்ணெயிலோ தண்ணீரிலோ தோய்ப்பார்கள், அதன்பின் 200-300 டிகிரியில் மறுபடி சூடாக்கிப் பதம் பார்ப்பார்கள். அந்தக் கடைசிப் பதம் இல்லாவிட்டால் கண்ணாடி மாதிரித் தெறிக்கும்.

மூன்றாவது, சுழற்றுவது. சிலம்பம் பழகும் பிள்ளைகள் இதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்: எதிரி எட்டும் தூரத்தில் நிற்கும்போது முதுகைக் காட்டிச் சுழன்றால் அடி விழும். (எதிரியின் மேல் எறியும் வளரியை இந்தச் சீமையில் வைத்துக்கொண்டு, திரையில் அதை அதிகம் காணோமே என்பது எங்கள் தனி வருத்தம். ராமநாதபுரம் ராமலிங்க விலாசத்துச் சுவரோவியங்களில் இருக்கும் போர்க் காட்சிகளைப் பார்த்தால் எங்கள் வருத்தம் உங்களுக்கும் வரும்.)

கிராபிக்ஸ் ரொம்பப் பழசா இருக்கு, பூதம் வெட்டி வெட்டி நடக்குது, சிரிப்பு வருதே?

சிரிக்கலாம், தப்பில்லை. ஆனால் அது கிராபிக்ஸ் இல்லை. கம்பி எலும்புக்கூட்டின் மேல் ரப்பர் பூசிய பொம்மையைக் கொஞ்சம் நகர்த்தி ஒரு படம், இன்னும் கொஞ்சம் நகர்த்தி இன்னொரு படம் என்று எடுப்பார்கள். ஒரு நொடிக்கு 24 படம். ஒவ்வொரு படத்திலும் பொம்மை அசையாமல் நிற்பதால் அசைவின் கலங்கல் பதிவாகாது. அதனால்தான் வெட்டி வெட்டி நடப்பது மாதிரித் தெரிகிறது. ‘ஜேசன் அண்ட் த ஆர்கோனாட்ஸ்’ (1963) படத்தில் ஏழு எலும்புக்கூடுகள் மூன்று பேரோடு வாள் வீசும் சண்டை சில நிமிடம்தான். ரே ஹாரிஹாசன் அதற்கு நான்கு மாதத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார்.

1981-இல் வந்த ‘டிராகன்ஸ்லேயர்’ படத்தில் கேமரா திறந்திருக்கும்போதே மோட்டார் பொம்மையை அசைக்கும்படி மாற்றினார்கள். கலங்கல் கிடைத்தது, நடை வழுக்கிக்கொண்டு வந்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். எங்களுக்கு இன்றைய கணினிப் பூதங்களைவிட இவை பிடிக்கும். வெளிச்சமும் நிழலும் பொய் சொல்லாமல் விழுகிறதே, அதற்காக.

எங்க வீட்டு டிவியில எல்லாமே இருட்டா இருக்கு. குகை சீன் வந்தா ஒண்ணுமே தெரியல.

படம் இருட்டாகத்தான் எடுக்கப்பட்டது, ஆனால் இவ்வளவு இல்லை. டிவி அமைப்பில் ‘பிக்சர் மோடு’ என்பதை ‘சினிமா’ அல்லது ‘மூவி’ என்று மாற்றுங்கள். மின்சாரம் சேமிக்கும் வசதி ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள், அதுதான் வெளிச்சத்தைக் குறைக்கும் முதல் திருடன். அடுத்துப் பின்னொளியைக் கூட்டுங்கள். ‘பிரைட்னஸ்’ பொத்தானைக் கூட்டினால் கறுப்பு சாம்பலாகுமே தவிரக் குகை தெரியாது. முகத்துக்கு எதிரே எரியும் டியூப் லைட்டை அணைத்து, டிவிக்குப் பின்னால் ஒரு சின்ன பல்பு போட்டால் போதும்.

அசைவை வழுவழுப்பாக்கும் வசதி ஒன்று இருக்கும், ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கும். அதையும் நிறுத்துங்கள். அது ஓடினால் பிரம்மாண்டமான போர்க்களம் கூட சாயங்கால சீரியல் மாதிரித் தெரியும். மேலும் கீழும் கறுப்புப் பட்டை வருவது பழுது இல்லை. அகலமான படம் வழக்கமான டிவித் திரையின் உயரத்தில் முக்கால் பங்கைத்தான் நிரப்பும். ஜூம் செய்தால் ஓரத்தில் நிற்கும் ஆளும் கீழே வரும் எழுத்தும் வெட்டுப்படும்.

பேசுறது கேக்கவே மாட்டேங்குது, சண்டை வந்தா தெருவே எந்திரிக்குது!

ஐந்து ஒலிபெருக்கிக்குக் கலந்த ஒலியை டிவியின் இரண்டு சின்ன ஒலிபெருக்கியில் திணிப்பதால் வருவது. ஒலி அமைப்பில் ‘5.1’ என்று இருந்தால் ‘ஸ்டீரியோ’ தேர்ந்தெடுங்கள். ‘நைட் மோடு’ இருந்தால் போடுங்கள், சத்தத்தின் மேடுபள்ளம் குறையும். மின்விசிறிச் சத்தமும் வசனத்தை விழுங்கும். அதை நிறுத்தச் சொன்னால் மே மாதத்தில் எங்களை அடிக்க வருவீர்கள், அதனால் வேகத்தைக் குறைத்தால் போதும்.

தமிழ் டப்பிங்ல பாக்கவா, எழுத்து படிச்சுப் பாக்கவா?

முதல் படத்துக்குத் தமிழ் ஒலி இருந்தால் அதையே போடுங்கள். கண் முழுக்கத் திரையில் இருக்க வேண்டும். சின்னங்களையும் பொருள்களையும் கவனிக்கச் சொன்னோமே, எழுத்தைப் படித்துக்கொண்டே அதைச் செய்வது சிரமம். தமிழ் ஒலியும் ஆங்கில எழுத்தும் சேர்த்துப் போடாதீர்கள். ஆங்கில எழுத்து மூல வசனம், தமிழ் ஒலி அதன் மொழிபெயர்ப்பு, வரிக்கு வரி ஒத்துப்போகாமல் தலை சுற்றும்.

தமிழ் ஒலி இல்லையென்றால் எழுத்தோடு பாருங்கள், 32 அங்குல டிவிக்கு ஆறேழு அடிக்குள் உட்காருங்கள். மொபைலில் பார்ப்பது இந்த வகைக்கு மட்டும் வேண்டாம் என்போம். மலைமேல் நடக்கும் ஆள் எறும்பாகிவிடுவான்.

நெட்டுல பாத்தா டேட்டா எவ்வளவு போகும்?

முழு எச்டி தரத்தில் மணிக்கு 3 ஜிபி வரை இழுக்கும், சாதாரணத் தரத்தில் சுமார் 1 ஜிபி. இரண்டேகால் மணி நேரப் படம் எச்டியில் 6 ஜிபியைத் தாண்டலாம். ஒரு நாளைக்கு 1.5 அல்லது 2 ஜிபி தரும் திட்டத்தில் பாதிப் படத்தில் நின்றுவிடும். சாதாரணத் தரத்தில் முந்தைய இரண்டு நாளில் பிரித்து இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் மின்சாரம் போய் வந்தாலும் மறுபடி சுற்றிக்கொண்டு நிற்காது.

தடைக்காலத்துல எல்லாரும் கரையிலதான் இருக்கோம். கடற்கரையில திரை கட்டிப் போடலாமா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடையில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும் காலம் இதற்கு நல்ல காலம்தான், காற்று ஒத்துழைத்தால். முதலில் ஒரு எச்சரிக்கை. வீட்டில் பார்க்க வாங்கிய வட்டோ, மொபைல் செயலியின் சந்தாவோ ஊர் நடுவே போட அனுமதி தருவதில்லை. உரிமை வைத்திருப்பவரிடம் எழுத்தில் அனுமதி வேண்டும், தணிக்கைச் சான்று பெற்ற படமாகவும் இருக்க வேண்டும்.

இடம்: மே மாதத்தில் கச்சான் (தென்மேற்குக் காற்று) எழுந்துவிட்டால் தெற்கே ஆண் கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் நினைக்காதீர்கள். வடக்கே பெண் கடல் (பாக் விரிகுடா) பக்கம், வீடுகளோ தென்னையோ மறைக்கும் இடமாகப் பாருங்கள். 12 அடி அகலம், 6¾ அடி உயரத் திரை என்றால் 81 சதுர அடி, அது திரை இல்லை, படகுப் பாய். மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று முகத்தில் மோதினால் கிட்டத்தட்ட 35 கிலோ இழுவிசை விழும். திரையின் ஓரம் காற்றைப் பார்த்து நிற்கும்படி திருப்பிக் கட்டுங்கள். சவுக்குக் கம்பு இரண்டை மூன்று அடி ஆழம் புதைத்து, பக்கத்துக்கு இரண்டு கயிறு இழுத்து, மணல் மூட்டையில் கட்டுங்கள். திரையின் கீழ் விளிம்பை மட்டும் சைக்கிள் டியூபால் கட்டினால் பலத்த காற்றில் இழுபட்டுக் கொடுக்கும், கிழியாது. இறுக்கிக் கட்டிய திரைதான் முதலில் கிழியும்.

ஒற்றை வேட்டித் துணியில் பாதி வெளிச்சம் பின்னால் போய்விடும். பின்பக்கம் கறுப்புத் துணி சேர்த்துத் தையுங்கள். 3000 லூமென் புரொஜெக்டர் இந்த அளவுக்குத் தாராளம். பெட்டியில் ‘த்ரோ 1.5’ என்று இருந்தால் திரை அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு, அதாவது திரையிலிருந்து 18 அடியில் வைக்க வேண்டும். ஏழரை மணிக்கு முன்னால் தொடங்காதீர்கள், இருட்டுக் காட்சி வெளுத்துப்போகும். முழுநிலா நாளைத் தவிர்ப்பது நல்லது. புரொஜெக்டரை மணலில் வைக்காமல் மேசைமேல் வையுங்கள், காற்று இழுக்கும் துளை கடல் பக்கம் பார்க்கக் கூடாது. முடிந்ததும் விசிறி தானாக நிற்கும்வரை பிளக்கைப் பிடுங்காதீர்கள். பிறகு உலர்ந்த துணியால் துடைத்து அன்றைக்கே பெட்டிக்குள் போடுங்கள். உப்புக் காற்றில் ஒரு வாரம் திறந்து கிடந்தால் திருகாணியில் துரு ஏறும்.

பிள்ளைங்க பாக்கலாமான்னு எதை வச்சு முடிவு பண்றது?

சான்றைப் பாருங்கள். இப்போது யுஏ என்பதே மூன்றாகப் பிரிந்திருக்கிறது: 7+, 13+, 16+. அந்த வயதுக்குக் கீழே இருந்தால் பெற்றோர் முடிவு செய்ய வேண்டும். ஏ என்றால் பேச்சே இல்லை. இந்த வகையில் பிள்ளைகளை உலுக்குவது ரத்தத்தைவிட மனிதன் மிருகமாக மாறும் காட்சிகள்தான். ‘வில்லோ’விலும் அப்படி ஒன்று உண்டு.

பொம்பளைங்களை இப்படிக் காட்டுறாங்களே, பாக்கவே சங்கடமா இருக்கு. இந்த வகையே இப்படித்தானா?

1980-களின் படங்களில் பெரும்பாலும் அப்படித்தான், மறைக்க ஒன்றுமில்லை. பனிமலையில்கூட வீராங்கனைக்கு அரைகுறைத் தோலாடை. பக்கத்தில் நிற்கும் ஆணுக்கு மட்டும் முழுக் கம்பளி. தூரதேசத்து மக்களை எல்லாம் காட்டுமிராண்டிகள் என்று காட்டும் பழக்கமும் உண்டு. இது அந்தப் பத்திரிகைக் கதைகளின் காலத்திலிருந்தே வரும் சொத்து. சங்கடம் வந்தால் அது உங்கள் குற்றம் இல்லை. அதே 1982 படத்தில் வரும் திருடி, அதே உடையில் இருந்தாலும், படத்தின் முக்கியமான முடிவுகளைத் தானே எடுக்கிறாள். இரண்டும் ஒரே படத்தில் இருக்கின்றன.

சூனியம், பேய் வழிபாடு எல்லாம் வருது. எங்க வீட்ல ராத்தா (அக்கா) இதெல்லாம் பாக்கக் கூடாதுங்கிறாங்க. பாக்கலாமா?

மார்க்கத் தீர்ப்பு சொல்ல எங்களுக்குத் தகுதி இல்லை, மார்க்கம் படித்த ஆலிமிடம் கேளுங்கள். சர்ச்சுக்குப் போகும் வீடுகளிலிருந்தும் இதே கேள்வி வருகிறது, அவர்களுக்கும் இதே பதில்தான். ஆலிமிடமோ பாதிரியாரிடமோ கேட்கும்போது என்ன சொல்ல வேண்டும் என்று மட்டும் சொல்கிறோம். இந்தப் படங்களில் மந்திரம் செய்பவன் பெரும்பாலும் எதிரி, அவன் அழிவான். கற்பனைத் தெய்வங்களின் பெயரும் பலிக் காட்சியும் வரும். 1982 படத்தில் நாயகன் தன் தெய்வத்திடம் ஒரே ஒரு முறை வேண்டுகிறான், அதுவும் கொஞ்சம் மிரட்டலாக. இதை அப்படியே சொல்லிக் கேட்டால் தெளிவான பதில் கிடைக்கும்.

பாதியில தூக்கம் வந்துருச்சு. இடைவேளையே இல்லையே?

வெளிநாட்டுப் படத்தில் இடைவேளை எழுதி வைப்பதில்லை, நம் தியேட்டர்களில் அவர்களாகவே வெட்டுவார்கள். வீட்டில் ஒரு மணி நேரம் ஆனதும், ஏதாவது ஒரு பயணம் முடிந்து புது இடத்துக்குள் நுழையும் காட்சியில் நிறுத்துங்கள். சண்டைக்கு நடுவே நிறுத்தினால் திரும்பி வரும்போது விறுவிறுப்பு ஆறிப்போயிருக்கும்.

ரெண்டாம் பார்ட்டு, புதுசா எடுத்தது எல்லாம் இருக்கே, எந்த வரிசையில பாக்குறது?

வரிசை தேவையில்லை. 1984-இல் வந்த இரண்டாவது கோனன் படம் தனிக் கதை. ரத்தம் குறைத்து இலகுவாக எடுத்தார்கள், முதலாவதின் கனம் அதில் இல்லை. 2011-இல் வேறு நடிகரோடு புதிதாக எடுத்தது முன்னவற்றோடு தொடர்பில்லாதது. ‘வில்லோ’வுக்குப் பல வருடம் கழித்துத் தொடராக வந்த தொடர்ச்சி மட்டும் படத்தைப் பார்த்த பிறகுதான் புரியும்.